ஆன்டீரியர்ல ஆரம்பிச்சு ஆப்போசிஷன் வரைக்கும்: உடம்போட திசை, அசைவு வார்த்தைங்கள நின்னுகிட்டே படிக்க ஒரு முழு வழிகாட்டி

பாலக்கோடு, பென்னாகரம், ஊத்தங்கரை, தேன்கனிக்கோட்டை பக்கம் கவர்மென்ட் ஸ்கூல்ல தமிழ் மீடியத்துல பிளஸ் டூ முடிச்சிட்டு நர்சிங், பிசியோ, எக்ஸ்ரே டெக்னீஷியன், ஏன் எம்பிபிஎஸ்ஸே கூட சேர்ந்திருக்குற பசங்களுக்குத்தான் இத எழுதுறேன். தருமபுரிக்கு 2008லயும் கிருஷ்ணகிரிக்கு 2022லயும் மெடிக்கல் காலேஜ் வந்தாச்சு, சுத்துப்பட்டுல நர்சிங் காலேஜும் நெறைய, ஆனா சேர்ந்த மொதோ மாசத்துலயே அனாட்டமி கிளாஸ்ல டீச்சர் "லேட்டரல், டிஸ்டல், அப்டக்ஷன்"னு அடுக்க ஆரம்பிச்சதும் பாதி கிளாஸ் நோட்டுல என்ன எழுதுறதுன்னு தெரியாம பக்கத்து பெஞ்ச பாக்கும். நான் பிசியோ, தினமும் இந்த வார்த்தைங்களோட தான் பொழப்பு, அதனால நான் சொல்லிக் குடுக்குற வழியிலயே சொல்றேன்.

ஒரு கண்டிஷன். இத படுத்துகிட்டு படிக்காதீங்க. எழுந்து நில்லுங்க, செருப்ப கழட்டுங்க, போன ஒரு கையில வெச்சுகிட்டு இன்னொரு கையாலயும் காலாலயும் செஞ்சு பாத்துகிட்டே படிங்க. மனப்பாடம் பண்ணி எழுதுனவங்க இன்டர்னல்ல பாஸ் ஆயிடுவாங்க, வார்டுல மாட்டிக்குவாங்க.

படி 1: மொதல்ல ஒழுங்கா நில்லுங்க

அனாட்டமிக்குன்னு ஒரு நிலை இருக்கு, அனாட்டமிக்கல் பொசிஷன்னு பேரு. நேரா நிக்கணும், மூஞ்சி முன்னாடி பாக்கணும், கண்ணு தூரத்துல நேரா, ரெண்டு பாதமும் சேந்து விரல் முன்னாடி, கை ரெண்டும் உடம்போட பக்கத்துல தொங்கணும், உள்ளங்கை முன்னாடி பாக்கணும். கடைசியா சொன்னதுதான் எல்லாரும் கோட்டை விடுற எடம். நாம சாதாரணமா நின்னா உள்ளங்கை தொடைய பாத்துதான் இருக்கும். அத முன்னாடி திருப்பி பாருங்க, கொஞ்சம் செயற்கையாத்தான் இருக்கும், பரவால்ல. அப்படி திருப்பும்போது முன்னங்கையில இருக்குற ரேடியஸ், அல்னா ரெண்டு எலும்பும் ஒண்ணு மேல ஒண்ணு ஏறாம பக்கத்துல பக்கத்துல நேரா நிக்கும், கட்டைவிரல் உடம்ப விட்டு வெளிப்பக்கம் போயிடும், சுண்டுவிரல் தொடை பக்கம் வந்துடும். இது நடந்தாத்தான் பின்னாடி வர்ற எல்லா வார்த்தையும் சரியா பொருந்தும்.

ஆளு எப்படி இருந்தாலும் சொல்றது இந்த நிலைய வெச்சுத்தான். பேஷன்ட் கட்டில்ல சுருண்டு படுத்திருக்கலாம், கை மடக்கி கட்டு போட்டிருக்கலாம், ஆபரேஷன் டேபிள்ல குப்புற இருக்கலாம், எழுதும்போது அவர நேரா நிக்க வெச்சு உள்ளங்கைய திருப்பி வெச்சதா நெனச்சுகிட்டு எழுதணும். படுத்திருக்குற ஆளோட தலை சுவத்து பக்கம் இருக்கேன்னு "மேல"ங்கறத கூரைன்னு எடுத்துக்கக் கூடாது. தலை பக்கம்தான் எப்பவும் மேல.

அப்புறம் வலது இடது. அது பேஷன்டோட வலது இடது, உங்களோடது இல்ல. எதிர்ல நிக்கிற ஆளோட வலது கை உங்க இடது பக்கம்தான் இருக்கும். எக்ஸ்ரே ஃபிலிம வெளிச்சத்துல மாட்டும்போதும் அப்படித்தான், ஆளு உங்கள பாத்து நிக்கிற கணக்குல மாட்டுவாங்க, அதனால அவரோட வலது பக்கம் உங்களுக்கு இடது கைப்பக்கம் வரும், இதயம் உங்க வலது கைப்பக்கம் சாஞ்சு தெரியும். சிடி ஸ்கேன்ல காலு பக்கம் நின்னு தலைய நோக்கி பாக்குற கணக்கு, அதுலயும் அவரோட வலது உங்க இடது. ஃபிலிம்ல ஆர், எல்னு மார்க்கர் போடுறது சும்மா இல்ல. தப்பான முட்டிய ஆபரேஷனுக்கு ரெடி பண்ற விபரீதம் எல்லாம் இந்த ஒரு எடத்துல தூங்குறதுனால வர்றதுதான்.

படி 2: திசை வார்த்தை எதுவுமே தனியா நிக்காது

தருமபுரி வடக்கா தெற்கா? சேலத்துக்காரன கேட்டா வடக்கும்பான், கிருஷ்ணகிரிக்காரன கேட்டா தெற்கும்பான், ரெண்டு பேரும் சொல்றது சரி. உடம்புலயும் இதேதான். "முட்டி சுப்பீரியரா?"ன்னு கேட்டா அந்தக் கேள்வியே அரைகுறை. கணுக்காலுக்கு சுப்பீரியர், இடுப்புக்கு இன்ஃபீரியர். எதுக்கு எது, அத சொல்லாம திசைய சொல்லாதீங்க. பரிட்சையில மார்க் போறதே இங்கதான், வெறும் "இன்ஃபீரியர்"னு எழுதிட்டு வந்துடுவாங்க.

இப்ப ஜோடி ஜோடியா போலாம்.

முன்பக்கம் ஆன்டீரியர், பின்பக்கம் போஸ்டீரியர். தொண்டைக்குழிய மெதுவா தொட்டு பாருங்க, வளையம் வளையமா கெட்டியா ஒண்ணு கிடைக்கும், அது மூச்சுக்குழாய். அதுக்கு பின்னாடிதான் உணவுக்குழாய், அதுக்கும் பின்னாடி முதுகெலும்பு. அதனால மூச்சுக்குழாய் உணவுக்குழாய்க்கு ஆன்டீரியர், அதே உணவுக்குழாய் முதுகெலும்புக்கு ஆன்டீரியர். செஸ்ட் எக்ஸ்ரேல பிஏ வியூன்னு எழுதியிருக்கும் பாத்திருப்பீங்க, போஸ்டீரியர்ல இருந்து ஆன்டீரியருக்கு கதிர் போகுதுன்னு அர்த்தம், அதாவது நெஞ்ச பிளேட்ல ஒட்டி நிக்க வெச்சு முதுகு பக்கத்துல இருந்து எடுப்பாங்க. இதயம் நெஞ்சுக்கூட்டுல முன்பக்கமா இருக்கறதுனால பிளேட்டுக்கு கிட்ட வந்துடும், நெழல் ரொம்ப பெருசாகாது. படுத்த படுக்கையா இருக்குறவங்களுக்கு முன்னாடி இருந்துதான் எடுக்க முடியும், அது ஏபி வியூ, அதுல இதயம் உள்ளத விட பெருசா தெரியும், அத பாத்து பயந்துடக்கூடாது. ரெண்டு எழுத்து எடம் மாறுனதுல இவ்ளோ விஷயம் இருக்கு.

தலை பக்கம் சுப்பீரியர், காலு பக்கம் இன்ஃபீரியர். வலது கிட்னி இடது கிட்னிய விட லேசா கீழ இருக்கும், கல்லீரல் மேல எடத்த அடைச்சிருக்குல்ல, ஆக வலது கிட்னி இடது கிட்னிக்கு இன்ஃபீரியர்.

நடுக்கோட்டுக்கு கிட்ட மீடியல், நடுக்கோட்ட விட்டு தள்ளி லேட்டரல். மூக்கு நுனியில ஆரம்பிச்சு தொப்புள் வழியா ரெண்டு காலுக்கு நடுவுல ஒரு கோடு எறக்கிக்கங்க. மூக்கு கண்ணுக்கு மீடியல், காது கண்ணுக்கு லேட்டரல். இப்ப உள்ளங்கைய முன்னாடி வெச்சு பாருங்க, கட்டைவிரல் லேட்டரல், சுண்டுவிரல் மீடியல். காலுக்கு வந்தா தலைகீழ், பெருவிரல் மீடியல், சுண்டுவிரல் லேட்டரல். கை கால் ரெண்டுக்கும் ஒரே கணக்குன்னு நெனச்சு எழுதுறவங்க நெறைய பேரு, அதான் நின்னு பாருங்கன்னு சொன்னேன். நாடி பாக்கறது முன்னங்கையோட லேட்டரல் பக்கம், கட்டைவிரல் கீழ. கையில மட்டும் லேட்டரலுக்கு பதிலா ரேடியல் பக்கம், மீடியலுக்கு பதிலா அல்னார் பக்கம்னு சொல்றது இன்னும் சேஃப், ஏன்னா கைய எப்படி திருப்பினாலும் ரேடியஸ் இருக்குற பக்கம் கட்டைவிரல் பக்கம்தான்.

வென்ட்ரல், டார்சல்னு புக்குல வந்தா மனுஷனுக்கு பெரும்பாலும் ஆன்டீரியர், போஸ்டீரியர்தான். கிரேனியல், காடல் வந்தா மேல, கீழ. மூளைக்கு மட்டும் இது கொஞ்சம் வளைஞ்சு போகும், நியூரோ படிக்கும்போது பாத்துக்கலாம், இப்ப குழப்பிக்காதீங்க. ஆனா பாதத்துக்கு ஒரு விஷயம் இப்பவே தெரிஞ்சுக்கணும்: செருப்பு வாரு படுற மேல்பக்கம்தான் பாதத்தோட டார்சம், தரையில படுற அடிப்பக்கம் பிளான்டர். கையில பொறங்கை டார்சம், உள்ளங்கை பாமர். பாதத்தோட மேல்பக்கத்துக்கு போய் ஏன் டார்சல்னு பேருன்னு சண்டை போடாதீங்க, கொஞ்ச நேரத்துல இதே வார்த்தை கணுக்காலுக்கு வேலைக்கு வரும்.

படி 3: கை காலுக்குன்னு தனி ஜோடி

பிராக்ஸிமல்னா உடம்போட ஒட்டுற எடத்துக்கு கிட்ட, டிஸ்டல்னா தள்ளி. கைக்கு தோள்பட்டை, காலுக்கு இடுப்பு, அங்க இருந்து அளக்கணும். முழங்கை மணிக்கட்டுக்கு பிராக்ஸிமல், விரல் மணிக்கட்டுக்கு டிஸ்டல். வண்டியில சறுக்கி கைய ஊணி விழுந்து வர்றவங்க ஷீட்ல "ஃபிராக்சர் டிஸ்டல் ரேடியஸ்"னு இருந்தா மணிக்கட்டு பக்கத்துல ஒடைஞ்சிருக்குன்னு ஃபிலிம பாக்காமயே சொல்லிடலாம். விரல்லயும் இதே கணக்கு, விரல் அடியில பிராக்ஸிமல் ஃபாலங்ஸ், நகம் இருக்குற எலும்பு டிஸ்டல் ஃபாலங்ஸ். ரத்தக்குழாய்க்கும் கொடலுக்கும் கூட சொல்வாங்க, அங்க ஆரம்பிக்குற எடத்துக்கு கிட்ட இருக்குறது பிராக்ஸிமல். தலைக்கோ வயித்து தோலுக்கோ போய் பிராக்ஸிமல் போடாதீங்க.

தோல் பக்கம் சூப்பர்ஃபிஷியல், உள்ளாற டீப். நர்சிங் பசங்களுக்கு இது ஊசியில தெனம் வரும். இன்சுலின் தோலுக்கு கீழ கொழுப்புலயே நிக்கணும், தசை ஊசி அதுக்கும் டீப்பா போகணும். இடுப்புல போடுற தசை ஊசிக்கு புட்டத்த நாலா பிரிச்சு மேல் வெளிப்பக்க கால்பாகத்துல போடச் சொல்வாங்கல்ல, அத இப்ப நீங்களே சொல்லலாம்: சுப்பீரோலேட்டரல். கீழ உள்பக்கமா போனா, அதாவது இன்ஃபீரோமீடியலா போனா, சயாட்டிக் நரம்பு இருக்கு, அதுல பட்டா பாதம் தூக்க முடியாம போற அளவுக்கு கூட ஆகலாம். கைக்கொழந்தைக்கு தொடையில போடுற தடுப்பூசி ஆன்டீரோலேட்டரல், முன்பக்கமும் வெளிப்பக்கமும் சேர்ற எடம். இப்படி ரெண்டு வார்த்தைய ஒட்டிக்கறது சர்வசாதாரணம்.

ஒரே பக்கம்னா இப்ஸிலேட்டரல், எதிர்ப்பக்கம்னா கான்ட்ராலேட்டரல். இடது பக்க மூளையில பக்கவாதம் வந்தா வலது கை கால் விழும், அது கான்ட்ராலேட்டரல். அவ்ளோதான்.

மல்லாக்க படுத்தா சுப்பைன், குப்புற படுத்தா புரோன். ஒகேனக்கல் அருவிக்கு போயி எண்ணெய் மசாஜுக்கு படுத்தவங்களுக்கு தெரியும், அண்ணன் மொதல்ல புரோன் பொசிஷன்ல முதுக பிசைஞ்சிட்டு அப்புறம் பொரட்டி சுப்பைன்ல போட்டு நெஞ்சு மேல தட்டுவாரு. இந்த ரெண்டு வார்த்தையும் முன்னங்கை அசைவுல திரும்ப வரும்.

படி 4: அசைவுக்கு முன்னாடி மூணு தளம்

இத பலபேரு ஸ்கிப் பண்ணிட்டு நேரா ஃப்ளெக்ஷனுக்கு போயிடுவாங்க, அப்புறம் கட்டைவிரல்கிட்ட வரும்போது தலைசுத்தும். சுவத்துல முதுக ஒட்டி நில்லுங்க. அந்த சுவத்துக்கு இணையா உங்கள முன்பாதி பின்பாதின்னு பிரிக்கிறது கொரோனல் பிளேன் (தளத்துக்குத்தான் பிளேன்னு பேரு). மூக்கு, தொப்புள் வழியா இடது வலதுன்னு பிரிக்கிறது சஜிட்டல், அது சரியா நடுவுல போனா மிட்சஜிட்டல். இடுப்பளவு தண்ணியில நின்னா தண்ணி மட்டம் இருக்கே, மேல் கீழ்னு பிரிக்கிற அது டிரான்ஸ்வர்ஸ். சிடியில வரிசையா வர்ற வட்ட வட்டமான படம் எல்லாம் இந்த டிரான்ஸ்வர்ஸ் தான், அங்க ஆக்சியல்னு சொல்வாங்க.

இப்ப அசைவ இதுல பொருத்துங்க. முதுகு சுவத்துல இருக்கும்போதே கைய முன்னாடி நீட்டி தூக்குங்க, கை சுவத்த விட்டு வெளிய வருதா, அது சஜிட்டல் பிளேன் அசைவு. கைய பக்கவாட்டுல சுவத்துல தேச்சுகிட்டே தூக்குங்க, அது கொரோனல் பிளேன். தலைய மட்டும் இடது வலது திருப்புங்க, அது டிரான்ஸ்வர்ஸ் பிளேன். சுவத்துல தேச்சுகிட்டே செய்ய முடியுதா இல்லையான்னு பாத்தாலே பாதி கேள்விக்கு விடை வந்துடும்.

படி 5: அசைவுங்க

*ஃப்ளெக்ஷன், எக்ஸ்டென்ஷன்.* மூட்டுல கோணம் கம்மியானா ஃப்ளெக்ஷன், நீட்டினா எக்ஸ்டென்ஷன், ரெண்டும் சஜிட்டல் பிளேன். முழங்கை மடக்குறது, தாடைய நெஞ்சுல தொடுறது, குனியறது, தொடைய முன்னாடி தூக்குறது எல்லாம் ஃப்ளெக்ஷன். தோள்பட்டையில கைய முன்னாடி தூக்குறது ஃப்ளெக்ஷன், பின்னாடி கொண்டு போறது எக்ஸ்டென்ஷன், இங்க கோணத்த வெச்சு பாத்தா கொழம்பும், முன்னாடியா பின்னாடியான்னு பாருங்க. மாங்கா சீசன்ல தொரட்டி புடிச்சு அண்ணாந்து மாங்கா பறிக்கிறவங்களுக்கு தோள்பட்டை ஃப்ளெக்ஷன்ல, கழுத்து எக்ஸ்டென்ஷன்ல மணிக்கணக்கா நிக்கும், சாயந்தரம் கழுத்து நோவுன்னு வந்து உக்காருவாங்க.

முன்னாடி போனா ஃப்ளெக்ஷன்ங்கற இந்த ரூல் முட்டிக்கு வந்தா ஒடையும். முட்டி மடங்கினா கெண்டைக்கால் பின்னாடி போகுது, ஆனா அதுதான் ஃப்ளெக்ஷன். காரணம் இருக்கு. கருவுல கையும் காலும் மொளைக்கும்போது ஒரே திசையில தான் மொளைக்கும், அப்புறம் கை வெளிப்பக்கமா திரும்பும், காலு உள்பக்கமா சுமார் 90 டிகிரி திரும்பும். அதனாலதான் முழங்கை பின்னாடி நீட்டிகிட்டு இருக்கு, முட்டி முன்னாடி நீட்டிகிட்டு இருக்கு, மடங்குறதும் எதிரெதிரா போகுது. முட்டி சாதாரணமா 135 டிகிரி வரைக்கும் மடங்கும்னு புக்குல இருக்கும், நம்ம ஊரு ஆயாங்க குத்தவெச்சு உக்காந்து கடலைக்கா உரிக்கிறப்ப அதையும் தாண்டி மடங்கியிருக்கும். முட்டி ஆபரேஷனுக்கு அப்புறம் "எப்ப கீழ உக்காரலாம்"னு அவங்க கேக்குறது நமக்கு ஃப்ளெக்ஷன் எத்தன டிகிரிங்கற கேள்வி.

*அப்டக்ஷன், அடக்ஷன்.* நடுக்கோட்ட விட்டு தள்ளி போனா அப்டக்ஷன், நடுக்கோட்டுக்கு வந்தா அடக்ஷன், கொரோனல் பிளேன். வார்டுல சத்தத்துக்கு நடுவுல ரெண்டும் ஒரே மாதிரி காதுல விழும், அதனால "ஏ பி டக்ஷன்", "ஏ டி டக்ஷன்"னு எழுத்த பிரிச்சு சொல்றது பழக்கம், நீங்களும் அப்படியே சொல்லுங்க, யாரும் சிரிக்க மாட்டாங்க. தோள்பட்டை முழு அப்டக்ஷன் 180 டிகிரி, ஆனா அது அத்தனையும் தோள் மூட்டுலயே நடக்கல, சுமார் 120 அங்க, மிச்சம் 60 தோள்பட்டை எலும்பு முதுகு மேல சறுக்கி திரும்புறதுல வருது. ஃபிரண்ட் ஒருத்தர கைய தூக்கச் சொல்லிட்டு அவரு முதுகுல எலும்போட கீழ் நுனிய தொட்டு பாருங்க, நல்லா நகரும்.

விரலுக்கு நடுக்கோடு உடம்போட நடுக்கோடு இல்ல. கையில நடுவிரல்தான் நடுக்கோடு, விரல விரிச்சா அப்டக்ஷன், சேத்தா அடக்ஷன், நடுவிரல் எந்தப் பக்கம் சாஞ்சாலும் அப்டக்ஷன்தான். பாதத்துல ரெண்டாவது விரல்தான் நடுக்கோடு. வைவால இத கேக்காத எக்ஸாமினர் கம்மி.

*ரொட்டேஷன்.* எலும்பு தன்னோட நீள அச்சுலயே சுத்துறது. உள்பக்கம் சுத்துனா மீடியல், வெளிப்பக்கம் சுத்துனா லேட்டரல். தோளுக்கு டெஸ்ட் ஈஸி, முழங்கைய விலாவுல ஒட்டி 90 டிகிரி மடக்கி, உள்ளங்கைய வயித்துக்கு கொண்டு போனா மீடியல் ரொட்டேஷன், வெளிய தள்ளினா லேட்டரல். தோள் எறுகிப்போன அக்காங்க, சுகர் இருக்குறவங்களுக்கு இது அடிக்கடி வரும், "தலை பின்ன முடியல சார்"னு வருவாங்க, பின்னந்தலைக்கு கை போக அப்டக்ஷனும் லேட்டரல் ரொட்டேஷனும் வேணும், அந்த நோயில மொதல்ல கொறையறதே லேட்டரல் ரொட்டேஷன்தான். அவங்க சொல்ற ஒரு வரியில நமக்கு எந்த அசைவு போச்சுன்னு தெரிஞ்சிடும்.

இடுப்பு மூட்டு ரொட்டேஷன்லதான் நல்லா படிக்கிற பசங்களே சறுக்குவாங்க, அதனால மெதுவா பாருங்க. காலு தொங்குற மாதிரி ஒசரமான பெஞ்சுல உக்காருங்க. முட்டிய நகத்தாம பாதத்த மட்டும் வெளிப்பக்கம் கொண்டு போங்க. பாதம் வெளிய போகுது, அதனால லேட்டரல்னு வாய் சொல்லும். தொடை மேல கைய வெச்சு உணர்ந்து பாருங்க, தொடை உள்பக்கமா சுத்துது. ரொட்டேஷன்னு சொல்றது தொடை எலும்ப, பாதத்த இல்ல, ஆக அது மீடியல் ரொட்டேஷன். பாதம் உள்ள வந்தா லேட்டரல் ரொட்டேஷன். சம்மணம் போட்டு உக்காந்து பாருங்க, பாதம் உள்ள இருக்கு, தொடை வெளிய சாஞ்சிருக்கு, அது இடுப்பு ஃப்ளெக்ஷன், அப்டக்ஷன், லேட்டரல் ரொட்டேஷன் மூணும் சேந்தது, கூடவே முட்டி ஃப்ளெக்ஷன். பின்பக்கம் வழியா ஆபரேஷன் பண்ணி இடுப்பு மூட்டு மாத்துனவங்கள 90 டிகிரிக்கு மேல மடக்காதீங்க, காலு மேல காலு போடாதீங்க, காலு உள்பக்கம் திரும்பக் கூடாதுன்னு சொல்றாங்கல்ல, அது ஃப்ளெக்ஷன், அடக்ஷன், மீடியல் ரொட்டேஷன் மூணையும் தடுக்கறதுதான், அந்த மூணும் சேந்தா மூட்டு பின்பக்கமா கழண்டுக்கும்.

சர்கம்டக்ஷன்னா மேல சொன்ன ஃப்ளெக்ஷன், அப்டக்ஷன், எக்ஸ்டென்ஷன், அடக்ஷன் நாலும் வரிசையா வந்து கை நுனி வட்டம் போடுறது. பவுலிங் போடுற கை. முடிஞ்சுது.

*புரோனேஷன், சுப்பினேஷன்.* முழங்கைய மடக்கி விலாவுல ஒட்டிக்கங்க. கோயில்ல தீர்த்தம் வாங்க உள்ளங்கைய மேல காட்டுனா சுப்பினேஷன், கவுத்துனா புரோனேஷன். நடக்குறது மணிக்கட்டுல இல்ல, முன்னங்கையில, ரேடியஸ் போயி அல்னா மேல குறுக்க படுக்கும். வலது கையால போல்ட் டைட் பண்றது சுப்பினேஷன், ஓசூர் கம்பெனிங்கள்ல அசெம்பிளி லைன்ல நிக்கிறவங்களுக்கு ஒரு நாளைக்கு எத்தன தடவன்னு அவங்களுக்கே தெரியாது. முழங்கை மடங்கியிருக்கும்போது சுப்பினேஷனுக்கு பலம் குடுக்குறது மேல்கை முன்பக்க தசையான பைசெப்ஸ், வலது கையால ஜாடி மூடிய இறுக்கி மூடும்போது அது பொடைக்கிறத பாத்துக்கலாம்.

*கணுக்கால்.* பாதத்த மேல தூக்குனா டார்சிஃப்ளெக்ஷன், சுமார் 20 டிகிரி. நுனிக்கால்ல நின்னா பிளான்டர் ஃப்ளெக்ஷன், சுமார் 50. உள்ளங்கால் உள்பக்கம் பாக்குற மாதிரி திருப்புனா இன்வெர்ஷன், வெளிப்பக்கம் பாத்தா எவெர்ஷன், இந்த ரெண்டும் கணுக்கால் மூட்டுல இல்ல, அதுக்கு கீழ இருக்குற சப்டேலார் மூட்டுல. செஞ்சு பாத்தா இன்வெர்ஷன் நல்லா வரும், எவெர்ஷன் கொஞ்சம்தான் வரும்.

நம்ம பக்கம் கரடு, வரப்பு, கல்லு. கல்லு மேல காலு வெச்சு பெரண்டுச்சுன்னு வர்றவங்கள்ல முக்காவாசி பேருக்கு கதை ஒண்ணுதான்: நுனிக்கால் எறங்கும்போது பாதம் உள்பக்கம் மடங்கும், அதாவது பிளான்டர் ஃப்ளெக்ஷனோட இன்வெர்ஷன். இழுபட்டு கிழியறது எதிர்ப்பக்கம், லேட்டரல் பக்கத்து லிகமென்ட் (எலும்ப எலும்போட கட்டுற நாரு), அதுலயும் மொதோ அடி ஆன்டீரியர் டேலோஃபிபுலர் லிகமென்ட்டுக்கு. அந்தப் பேர பிரிச்சு படிங்க, முன்பக்கம் இருக்குறது, கணுக்கால் எலும்பான டேலஸையும் கீழ்க்கால் வெளிப்பக்க எலும்பான ஃபிபுலாவையும் கட்டுறது, விலாசம் முழுசா பேருலயே இருக்கு. வீக்கத்த எங்க தேடணும்? வெளி கணுமுட்டுக்கு ஆன்டீரியரா, கொஞ்சம் இன்ஃபீரியரா. விரல வெச்சு அமுக்குனா ஆளு கால இழுத்துக்குவாரு.

*தோள்பட்டை எலும்பு, தாடை.* தெரியாதுன்னு தோள குலுக்குறது எலிவேஷன், எறக்குறது டிப்ரெஷன். முன்னாடி தள்ளுறது புரோட்ராக்ஷன், நெஞ்ச நிமித்தி பின்னாடி இழுக்குறது ரிட்ராக்ஷன். தாடைக்கும் இதே நாலு.

*கட்டைவிரல்.* இதுக்கு மத்த விரல் ரூல் செல்லாது, ஏன்னா கட்டைவிரல் மத்த விரலுக்கு 90 டிகிரி திரும்பி உக்காந்திருக்கு, நகம் எந்தப் பக்கம் பாக்குதுன்னு பாத்தாலே தெரியும். உள்ளங்கைய ஒட்டி குறுக்க சுண்டுவிரல் பக்கம் மடக்குனா ஃப்ளெக்ஷன், அத பிரிச்சு வெளிய நீட்டுனா எக்ஸ்டென்ஷன். உள்ளங்கைய மேல காட்டி மேஜையில வெச்சு, கட்டைவிரல கூரைய பாத்து தூக்குனா அப்டக்ஷன், எறக்குனா அடக்ஷன். கட்டைவிரல் நுனி திரும்பி வந்து மத்த விரல் நுனிய தொடுறது ஆப்போசிஷன்.

இத எல்லாம் ஒரே எடத்துல பாக்கணும்னா ராத்திரி சாப்பிடும்போது பாருங்க. தட்டுல ராகி களி உருண்டை, பக்கத்துல கீரை கடைசல். கை தட்டுக்கு போகும்போது முழங்கை கொஞ்சம் எக்ஸ்டென்ஷன், முன்னங்கை புரோனேஷன். களிய பிச்சு எடுக்க விரலுங்க ஃப்ளெக்ஷன், கட்டைவிரல் ஆப்போசிஷன். கடைசல்ல தொட்டு எடுக்கும்போது மணிக்கட்டு லேசா மடங்கும். வாய்க்கு வரும்போது முழங்கை ஃப்ளெக்ஷன், கூடவே முன்னங்கை சுப்பினேஷன், தோள்பட்டையும் கொஞ்சம் ஃப்ளெக்ஷன், கழுத்து முன்னாடி குனிஞ்சு வாங்கிக்கும், தாடை டிப்ரெஷன். மெல்லாம முழுங்குறதுனால தாடைக்கு மேல வேலை இல்ல. கட்டைவிரல் ஆப்போசிஷன் போன ஆளால, மீடியன் நரம்பு அடிபட்டவங்களுக்கு அப்படி ஆகும், களிய பிச்சு எடுக்க முடியாது, ஸ்பூன்தான்.

படி 6: வால்கஸ், வேரஸ்

இத பொதுவா மொதோ வருஷத்துல பெருசா சொல்ல மாட்டாங்க, ஆனா நம்ம ரெண்டு மாவட்டத்துல வேலை பாக்கப்போறவங்களுக்கு இது அவசியம். மூட்டுக்கு டிஸ்டலா இருக்குற எலும்பு லேட்டரலா தள்ளியிருந்தா வால்கஸ், மீடியலா தள்ளியிருந்தா வேரஸ். பாக்கறது கீழ் எலும்ப, முட்டிய இல்ல. ரெண்டு முட்டியும் ஒண்ணோட ஒண்ணு ஒரசி பாதம் தள்ளி நின்னா ஜெனு வால்கம். முட்டிங்க வில்லா வளைஞ்சு வெளிய போயி பாதம் கிட்ட வந்தா ஜெனு வேரம்.

இங்க நெறைய கிராமத்துல போர் தண்ணியில ஃப்ளோரைடு ஜாஸ்தி, பல்லுல பழுப்பு கறைய பாத்தே எந்த ஊருன்னு கேப்பாங்க முன்னெல்லாம். அதனாலதான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் திட்டம் 2013ல வந்துச்சு. வருஷக்கணக்கா அந்த தண்ணிய குடிச்சவங்களுக்கு எலும்புலயும் லிகமென்ட்லயும் கெட்டி தட்டும், கழுத்துலயும் முதுகுலயும் அசைவு கொறையும், கொழந்தையில இருந்தே குடிச்சவங்கள்ல சிலருக்கு முட்டி வால்கஸோ வேரஸோ ஆகும். அப்படி ஒருத்தர பாக்கும்போது "காலு கோணலா இருக்கு, முதுகு வளையல"ன்னு எழுதாதீங்க. "ரெண்டு பக்கமும் ஜெனு வால்கம், செர்வைக்கல் ரொட்டேஷன் ரெண்டு பக்கமும் கொறைவு, லம்பார் ஃப்ளெக்ஷன் கொறைவு"ன்னு எழுதுங்க, செர்வைக்கல்னா கழுத்து, லம்பார்னா கீழ் முதுகு; கூடவே கோனியோமீட்டர், அதாவது மூட்டு கோணம் அளக்குற கருவி, வெச்சு அளந்த டிகிரி. அடுத்த மாசம் வேற யாராச்சும் பாத்தாலும் கூடுச்சா கொறைஞ்சுச்சான்னு சொல்லலாம்.

படி 7: ஒரு கேஸ் ஷீட்ட படிச்சு பாருங்க

"ரைட் தை, ஆன்டீரோலேட்டரல், மிடில் தேர்டு, 4 செ.மீ. காயம். சுப்பீரியர் எட்ஜ் சூப்பர்ஃபிஷியல், இன்ஃபீரியர் எட்ஜ் டீப். முட்டி பேசிவ் எக்ஸ்டென்ஷன் ஃபுல், ஆக்டிவ் எக்ஸ்டென்ஷன் இல்ல."

பேஷன்டோட வலது தொடை, உங்க வலது இல்ல. முன்பக்கமும் வெளிப்பக்கமும் சேர்ற எடம், தொடையோட நடு மூணுல ஒரு பங்கு. காயம் மேல மேலாப்புல ஆரம்பிச்சு கீழ போகப்போக ஆழமாகுது. நீங்க புடிச்சு நீட்டுனா முட்டி முழுசா நீளுது, அதான் பேசிவ், ஆக மூட்டு நல்லாத்தான் இருக்கு. அவரையே நீட்டச் சொன்னா நீளல, அதான் ஆக்டிவ், ஆக நீட்டுற தசை, அதாவது தொடை முன்பக்க குவாட்ரிசெப்ஸ், அறுந்திருக்கலாம், இல்ல அதுக்கு வர்ற நரம்பு அடிபட்டிருக்கலாம், சர்ஜனுக்கு உடனே சொல்லணும்.

இனி நீங்க எழுதுறப்ப வரிசை இப்படி வெச்சுக்கங்க: மொதல்ல எந்தப் பக்கம், அப்புறம் எந்த மூட்டு, அப்புறம் எந்த அசைவு, அவரே செஞ்சதா நாம செஞ்சதா, எத்தன டிகிரி, எங்க வலி. பரிட்சையா இருந்தா அசைவு பேருக்கு பக்கத்துலயே பிளேன் பேரையும் எழுதிடுங்க, கேக்கலன்னாலும்.